ராஜாஜியை ஏன் சேலத்தில் வைத்து யாரும் பேசுவதில்லை?

அஸ்தம்பட்டிக்காரன்:

ராஜாஜி என்றதும் நம் ஊரிலேயே இரண்டு பேச்சுதான் வருகிறது. ஒரு பக்கம் மூதறிஞர், கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா. இன்னொரு பக்கம் இந்தியைத் திணித்தவர், குலக்கல்வி கொண்டுவந்தவர். இரண்டு பேச்சிலும் சேலம் இல்லை.

1900-ல் இங்கே வக்கீல் தொழில் தொடங்கினார். 1919-ல் சென்னைக்குக் குடிபோனார். நடுவில் கிட்டத்தட்ட இருபது வருஷம் இந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். 1911-ல் நகராட்சி உறுப்பினர். 1917 முதல் 1919 வரை சேர்மன். மனைவி இறந்து, ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்ததும் இந்த ஊர்க் காலத்தில்தான்.

சேர்மனாக இருந்தபோது சேலம் நகராட்சிக்கு முதன்முதலாக ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் வர அவர் காரணமாக இருந்தார். அக்ரகாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் அதே வகுப்பைச் சேர்ந்த ஒருவரைப் போட்டார். தெருவே எதிர்த்தது. அவர் மாற்றவில்லை. அன்றைக்குச் சொந்த சாதியின் பகையைச் சம்பாதிப்பது என்றால் வீட்டு விசேஷம், சாவு எல்லாவற்றிலும் தனியாக நிற்பது. காந்தியை அவர் நேரில் சந்திப்பதற்கு முன்பே இதெல்லாம் தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். காந்தி சென்னையில் அவர் வீட்டில் தங்கியது 1919 மார்ச்சில்.

இன்னொன்று. அவர் இங்கே சேர்மனாக இருந்த அதே காலத்தில் ஈரோட்டில் சேர்மன் யார் தெரியுமா? ஈ.வெ.ராமசாமி. அடுத்த ஐம்பது வருஷத் தமிழக அரசியலின் இரண்டு முனைகளும் காவிரிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடிநீர், சாக்கடை பார்த்துக்கொண்டிருந்தன. ராஜாஜியைப் புரிந்துகொள்ள டெல்லி மாளிகையை விட இந்த நகராட்சிதான் சரியான இடம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குகை இளைஞன்:

அண்ணா, குழாய் விஷயம் எனக்குப் புதிது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து மனிதரை அளந்துவிட முடியுமா?

1938-ல் முதலமைச்சர், அன்றைக்குப் பிரதமர் என்றே பெயர், 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கினார். எதிர்த்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். பெரியாரையும் சிறையில் போட்டார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்தால் உயிர்விட்டார்கள். மறியல் செய்தவர்கள் மேல் பாய்ந்த கிரிமினல் சட்டத் திருத்தம் வெள்ளைக்காரன் காங்கிரஸை ஒடுக்க வைத்திருந்த அதே சட்டம். அதே சட்டத்தில் தன் கட்சிக்காரர்கள் உள்ளே போனதைப் பார்த்தவர் அதைக் கையில் எடுத்தாரே, அது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அப்புறம் 1953, அந்தக் குலக்கல்வி. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில். சேலத்தில் எங்கள் குகைப் பகுதியில் தறி இருந்த வீடுகளில் இது என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேலத்தை வைத்துப் பேசுவதென்றால் 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனதும் இந்தச் சேலத்தில்தான். அதையும் சேர்த்தே பேசுவோம்.

வரலாற்று வாத்தியார்:

தம்பி சொன்ன இரண்டும் உண்மை. 1940 பிப்ரவரியில் இந்தி ஆணையைத் திரும்பப் பெற்றது கவர்னர் எர்ஸ்கின். ராஜாஜி அப்போது பதவியில் இல்லை. பதவியில் இருந்தவரை அவர் இறங்கி வரவில்லை.

ஆனால் அந்த 1937-39 ஆட்சியின் இன்னொரு பாதி சேலத்தில்தான் தொடங்குகிறது, அதை இங்கே யாரும் இதுவரை எழுதவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. இந்தியாவில் ஒரு அரசாங்கம் ஒரு மாவட்டம் முழுக்கக் கள்ளுக்கடை, சாராயக்கடையை மூடியது அதுதான் முதல் தடவை. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. ஓசூர்ப் பக்கம் அவர் பிறந்த தொரப்பள்ளியும் அதற்குள்தான்.

ஏன் சேலம்? சொந்த மாவட்டம் என்பது மட்டும் காரணம் இல்லை. 1925-லிருந்து திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் யார் வீட்டில் எவ்வளவு கள்ளுக்குப் போகிறது, நூற்ற நூலுக்கு வாங்கிய காசு எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அங்கிருந்தே 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் கூட இருந்து வேலை செய்தவர் கல்கி. ஆக 1937-ல் அவர் செய்தது திடீர் முடிவு அல்ல. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவர் கையில் அதிகாரம் வந்தது.

பணக் கணக்கையும் பாருங்கள். மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று கலால். அதை மூடினால் ஓட்டை விழும். அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வடஆற்காடு என்று மதுவிலக்கை விரித்தபோது ஓட்டையும் பெரிதானது. அதை அடைக்கத்தான் 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி அது. பிற்பாடு எல்லா மாநிலமும் பிழைத்தது அந்த வழியில்தான். கடையை மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வருமானத்துக்கு வேறு வழியையும் தானே தேடியது அந்த அரசு. கடையை மூடுவோம் என்று பேசுகிற யாரும் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

விவசாயக் கடன் சட்டமும் அதே ஆட்சி, 1938. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. லேவாதேவிக்காரர்கள் எவ்வளவு கொதித்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை செல்வி:

வாத்தியார் ஐயா, வரிக்கணக்கு நன்றாகப் புரிந்தது. என் பாட்டிக்கு வரி தெரியாது, கடை மூடியது தெரியும். கூலி வாங்கும் நாள் சாயங்காலம் ஆண்கள் நேரே வீட்டுக்கு வந்தார்கள், அரிசிக்கடைக் கடன் குறைந்தது, அடி குறைந்தது என்று சொல்வார். எனக்கு ராஜாஜி மேல் உள்ள மரியாதை அதிலிருந்து வந்தது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பனை, தென்னை ஏறிப் பிழைத்தவர்கள் கதி என்ன ஆனது? பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள் என்பது தெரியும். கள்ளில் வந்த காசு வெல்லத்தில் வருமா? விறகு வேண்டும், பெண்கள் நாள் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும். நல்ல சட்டத்தின் பாரம் யார் தலையில் இறங்கியது என்பதையும் எழுத வேண்டும். என் பாட்டிக்கு நிம்மதி வந்த அதே மாதம் இன்னொரு பாட்டிக்கு அடுப்பு எரியாமல் இருந்திருக்கலாம்.

மதுவிலக்கு போர் ஆண்டுகளில் நின்றது. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கலைஞர் தளர்த்த முடிவு செய்தபோது தொண்ணூறு தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டவர் ஆட்சியில் இல்லை, கட்சியும் தேய்ந்துவிட்டது, நடக்கத் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு சாராயம் போய், வந்து, டாஸ்மாக் ஆகி, 2003-லிருந்து அரசாங்கமே சில்லறை விற்பனையும் செய்கிறது. முதல் மதுவிலக்கு மாவட்டத்துப் பெண் என்ற முறையில் எனக்கு இது வலிக்கிறது.

அம்மாப்பேட்டை தறி:

குகைத் தம்பி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி தெரிகிறது. நானும் தறிதான். அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

1952-ல் ராஜாஜி மறுபடி முதலமைச்சர் ஆனபோது கைத்தறி கிடந்த கிடை சொல்லி மாளாது. சரக்கு தேங்கி, நூல் விலை ஏறி, நெசவாளர் குடும்பம் குடும்பமாகக் கஞ்சித்தொட்டிக்குப் போன காலம். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கு மட்டும், மில்காரன் நெய்யக்கூடாது என்று அவர் டெல்லியில் கேட்டார். விடாமல் கேட்டார். டெல்லி முழுசாகக் கொடுக்கவில்லை. மில் வேட்டிக்கு அளவு வைத்தார்கள், மில் துணிக்குக் கூடுதல் தீர்வை போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் என்று 1953-ல் சட்டம் வந்தது. கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி, ரிபேட் என்று பிறகு நாம் பார்த்ததெல்லாம் அந்தத் தீர்வைப் பணத்தில் தொடங்கியது.

அதே சமயம் அறிஞர் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. நெசவாளிக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள். எங்கள் தெருவில் பெரியவர்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

ரேஷனை எடுத்ததும் ராஜாஜிதான், 1952 ஜூனில். அரிசி கட்டுப்பாட்டை நீக்கினால் பஞ்சம் வரும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். நீக்கினார், அரிசி சந்தைக்கு வந்தது.

குகை இளைஞன்:

தறி அண்ணா, கோபம் இல்லை. நீங்கள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

வேட்டி சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கு என்பதும், பிள்ளையைப் பாதி நாள் தறியில் உட்கார வை என்பதும் ஒரே மனதிலிருந்து வந்தவை. கிராமம் கிராமமாகவே இருக்க வேண்டும், நெசவாளி நெசவாளியாகவே நன்றாக இருக்க வேண்டும். அவன் வயிறு நிறைய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் மகள் டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்தாரா? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி வந்தது காமராஜர் காலத்துப் பள்ளியால், மதிய உணவால். 1954-ல் அந்தப் பாதி நாள் பள்ளித் திட்டத்தைத் தூக்கி எறிந்தது காமராஜர் ஆட்சி. அதைத் தூக்கி எறியாவிட்டால் நான் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

அஸ்தம்பட்டிக்காரன்:

குகைத் தம்பி சொன்ன "ஒரே மனதிலிருந்து வந்தவை" என்ற இடத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான் அதை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகிறேன், நகராட்சி வரைக்கும்.

அக்ரகாரத்தில் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் அந்தத் தண்ணீர் திறப்பவர் வேலைக்கு வந்திருக்கவே முடியாது. சரி என்று பட்டதைச் செய்தார், பகையைத் தாங்கினார். அது பலித்தது. 1937-ல் மதுவிலக்கும் அப்படியே. யாரையும் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. அதுவும் பலித்தது. 1938-ல் இந்தியை அதே முறையில் செய்தார். 1953-ல் பள்ளித் திட்டத்தை அமைச்சரவையிலோ சட்டசபையிலோ முறையாக வைக்காமலே அறிவித்தார். சட்டசபை கொதித்தது, ஆராயக் குழு போட வேண்டியதாயிற்று, சொந்தக் கட்சியே எதிர்த்தது. 1954 ஏப்ரலில் பதவியை விட்டுப் போனார்.

ஆக அக்ரகாரத்துக்கு எதிராக நின்ற அதே பிடிவாதம்தான் குகைக்கும் அம்மாப்பேட்டைக்கும் எதிராகவும் நின்றது. வலியவர்களைக் கேட்காமல் செய்தபோது அது நீதி. எளியவர்களைக் கேட்காமல் செய்தபோது அது அநீதி. மனிதர் மாறவில்லை, முன்னால் நின்றவர்கள் மாறினார்கள். 1952-ல் அவர் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152-தான். கவர்னர் அவரை மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கினார். தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு வந்திருந்தால் தறிக்குழிப் பக்கம் யாராவது ஒரு அம்மா, "என் பையன் படிக்கட்டும் சாமி" என்று அவர் காதில் போட்டிருப்பார்.

1942-ம் இதே கதைதான். வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை எதிர்த்துத் தனியாக நின்றார். 1944-ல் ஜின்னாவோடு சமரசத்துக்கு ஒரு திட்டம் போட்டார், துரோகி என்று பேச்சு வாங்கினார். பிறகு 1947-ல் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும்.

நாமக்கல் வக்கீல்:

சேலம் கோர்ட்டு பற்றி யாரும் பேசவில்லையே. அவர் இங்கே வந்தபோது ஊரின் பெரிய வக்கீல் சி.விஜயராகவாச்சாரியார். 1882 சேலம் கலவரத்தில் பொய் வழக்கில் தண்டிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி, தென்னாட்டுச் சிங்கம் என்று பெயர் வாங்கியவர். 1920 நாகபுரி காங்கிரஸுக்கு அவர்தான் தலைவர். அப்படிப்பட்டவர் இருந்த ஊரில் சின்ன வயதில் வக்கீலாகப் பெயர் எடுப்பது லேசு இல்லை. காங்கிரஸ்காரர் வரதராஜுலு நாயுடு மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது ராஜாஜி வாதாடினார். ஒத்துழையாமை வந்ததும் நல்ல வருமானம் உள்ள தொழிலை விட்டார், திரும்ப எடுக்கவில்லை.

புதுப்பாளையம் ஆசிரமம் பற்றி வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று: நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். ஆசிரமம் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

வரலாற்று வாத்தியார்:

வக்கீல் சார் சொன்னதற்கு நன்றி. பெரியாரைப் பற்றித் தொடக்கத்திலேயே பேச்சு வந்தது, அதை முடிக்க வேண்டும்.

பெரியாரைக் காங்கிரஸுக்கு இழுத்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு. பிறகு ஒருவர் மற்றவர் அரசியலை அடியோடு எதிர்த்தார்கள். 1938-ல் சிறையில் போட்டதும் ராஜாஜி அரசாங்கம்தான். ஆனால் 1949-ல் மணியம்மையாரைத் திருமணம் செய்வதற்கு முன் பெரியார் திருவண்ணாமலைக்குப் போய்ப் பேசியது யாரிடம்? கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியிடம். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தபோது பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். கொள்கையில் ஒரு அங்குலம்கூட இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்றைய அரசியலில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதற்கே கட்சியில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

சேர்வராயன்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சின்னத் தோட்டம், காப்பியும் மிளகும். எல்லோரும் 1954-லேயே அவரை நிறுத்திவிட்டீர்கள். எண்பது வயதில், 1959-ல், சுதந்திரா கட்சி தொடங்கினாரே, அதைப் பற்றி மலைக்காரன் ஒருவன் சொல்ல வேண்டாமா?

பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் திட்டியது கீழே உள்ளவர்களுக்கு வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்கலாம். காப்பிக்காரனுக்கு அது அன்றாடப் பாடு. 1942 காப்பிச் சட்டப்படி விளைந்ததை எல்லாம் காப்பி போர்டின் பூல் என்ற பொதுத் தொகுப்பில் கொட்ட வேண்டும். வெளியே விற்றால் குற்றம். போர்டு ஏலம் விட்டு, தரத்துக்குப் பாயிண்டு போட்டு, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். இந்த வருஷப் பழத்துக்கு முழுப் பணம் கைக்கு வர அடுத்த அறுவடையும் தாண்டும். பெரிய எஸ்டேட் தாங்கும். நாலு ஏக்கர்க்காரன் தர்மபுரிப் பக்கம் மாரண்டஹள்ளி வரைக்கும் கடன் கேட்டு அலைய வேண்டும். தொண்ணூறுகளில்தான் படிப்படியாக விடுவித்தார்கள், 1996-ல் முழு விடுதலை. 1959-ல் அவர் சொன்னது எங்கள் களத்துக்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆனது. என் அப்பா அவர் படத்தைக் கணக்குப் புத்தகம் வைக்கும் அலமாரிக்கு மேல் மாட்டியிருந்தார்.

குகை இளைஞன்:

சேர்வராயன் ஐயா, காப்பி பூல் விவரம் அருமை. ஆனால் சுதந்திராவில் இருந்தது நாலு ஏக்கர்க்காரர்களா? வடக்கே மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் அல்லவா அந்தக் கட்சியைத் தூக்கி நிறுத்தியது? நில உச்சவரம்பு, கூட்டுப் பண்ணை என்றதும் பயந்தவர்கள் எல்லோரும் அங்கே போனார்கள். 1967-ல் மக்களவையில் 44 இடம் பிடித்து எதிர்க்கட்சிகளில் பெரிய கட்சி ஆனது அவர்கள் பலத்தில்தான்.

சேர்வராயன்:

தம்பி, மகாராஜாக்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களுக்குத் தங்கள் சொத்து முக்கியம். ராஜாஜிக்கு என்ன சொத்து இருந்தது? அவர் எழுதியதைப் படியுங்கள், விவசாயி, சிறு வியாபாரி, தறிக்காரர் இவர்கள் கலெக்டர் ஆபீஸ் படியேறி நிற்கக்கூடாது என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். 1921-22-ல் வேலூர் சிறையில் எழுதிய நாட்குறிப்பிலேயே, சுதந்திரம் வந்தபின் தேர்தலும் ஊழலும் பண பலமும் மக்களைப் படுத்தும் என்று எழுதி வைத்தவர். காங்கிரஸ் ஆட்சியை எதிர்த்தது பதவி போன கோபத்தில் இல்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:

அந்த 1967-ஐ இங்கேயும் பார்க்க வேண்டும். 1953-ல் அவரை எதிர்த்து மும்முனைப் போராட்டம் நடத்திய தி.மு.க.வோடு கூட்டணி வைத்து, தான் வாழ்நாள் முழுக்க வளர்த்த காங்கிரஸைத் தமிழகத்தில் இறக்கினார். 1938-ல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் 1965-ல் கட்டாய இந்தியை எதிர்த்துப் பேசினார், எழுதினார். தம்பி குகை, இதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

குகை இளைஞன்:

1965 நிலைப்பாட்டை மதிக்கிறேன் அண்ணா. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் தான் செய்ததற்கு நேர் எதிராக நிற்கத் துணிச்சல் வேண்டும். பள்ளித் திட்டத்தில் மட்டும் கடைசிவரை அவர் மாறவில்லை, நானும் மாறமாட்டேன்.

ஆனால் ஒரு வேலை செய்யலாம். நகராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்கள், 1917 முதல் 1919 வரை உள்ளவை, எங்காவது இருக்க வேண்டும். மாநகராட்சியிலோ ஆவணக் காப்பகத்திலோ கேட்போம். அந்தத் தண்ணீர் திறப்பவர் பெயர் அதில் இருக்கும். அவர் பெயர் எனக்கு வேண்டும். எதிர்ப்பு முழுக்க அன்றைக்கு அவர் முகத்தில்தான் விழுந்திருக்கும், சேர்மன் முகத்தில் இல்லை.

நாமக்கல் வக்கீல்:

விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். திங்கட்கிழமை கோர்ட்டுக்குச் சேலம் வருகிறேன், யாராவது இரண்டு பேர் கூட வாருங்கள்.